நனையாத அடுப்புக்கல்

வவுனியா
12.10.2003

அன்புள்ள தங்கச்சி இராசேஸ்வரிக்கு,

ஜொஹறா எழுதுகிறேன். நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றக் கதை பிறகு.

என் மகளின் மூத்தவன் றிஃபாத் கம்பஸில் பட்டம் முடித்து, இங்கே மரபுரிமை பார்க்கிற ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மேசை, கதிரை, தலைக்கு மேலே காற்றாடி எல்லாம் அவனுக்கென்று தனியாக இருக்கிறதாம். அடுத்தவள் ஷமீலா ஏ.எல். பரீட்சையில் மூன்று பாடமும் திறமாகச் செய்திருக்கிறாள். கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். கடைக்குட்டி றிஸ்பா ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுத்துவிட்டாள். நான் படிப்பை நிறுத்தின வகுப்பிலிருந்து அவள் பரிசோடு வெளியே வருகிறாள். என் மகன் நாஸிம் பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு நடுத்தீவில் எங்கள் காணியை உழுது விதைத்திருக்கிறான். அதையும் நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

இங்கே எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. வாடகை வீட்டுக்குப் பின்னால் கழிவுக்கான் ஓடுகிறது. கடைக்காரர் கோழிக் குடலை அதற்குள்தான் கொட்டுகிறார்கள். சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்தால் அந்த நாற்றமும் கூட வருகிறது. இந்தக் கானுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என் சம்மந்தி வீட்டார் நடுத்தீவைப் பற்றி மூக்கைச் சுளிக்கிறார்கள். "அந்தச் சேத்துக்க என்ன கிடக்குது, நுளம்பும் முதலையும்தானே?" என்று கேட்கிறார்கள். அவர்களோடு இருந்து தேத்தண்ணி குடிக்கவே எனக்கு அருவருப்பு.

நாஸிம் இந்த ஒரு போகம் வெட்டிவிட்டால் போதும், பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவான். இந்தப் போகம் கைவிட்டுப் போனால் மைத்துனனின் பழக்கடையில் தராசு பிடிக்க வேண்டியதுதான். பிறகு ஊர் என்ற கதையே எங்கள் வீட்டில் எழும்பாது.

றிஃபாத் நடுத்தீவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறான். களப்பு வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரத்து மண்ணை எப்போது வெட்டுவதென்று உன் வீட்டுப் பெண்ணும் என் வீட்டுப் பெண்ணும் சேர்ந்து சொல்கிற வழக்கத்தை அவனுக்கு விளங்கப்படுத்தினேன். மாரிக்கு முன்னால் தீவின் வால்ப்பக்கத்தில் மூன்று அடுப்புக்கல் வைப்பதையும், களப்புத் தண்ணீர் ஏறிக் கல் நனைந்து அடுப்பு மூட்ட இயலாமல் போகிற அன்றைக்கு ஆம்பிளைகள் மண்வெட்டி எடுப்பதையும் சொன்னேன். வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கல்லுக்கு அவனுடைய நிறுவனம் ஒரு மேடை கட்டப்போகிறது. "கல்லு இருந்த இடத்திலயே இருக்கும் உம்மம்மா. நான் அதை வடிவாக்கித் தாறன்" என்றான்.

எனக்கு முழங்கால் இயலாது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, பையைப் பிரித்துக் காட்டி, வரிசையில் நிற்க என்னால் முடியாது. ஆகவே இந்த வருடம் என் வீட்டுச் சொல்லை றிஃபாத்தின் கையில் கொடுத்திருக்கிறேன். உன் சொல்லை நீ சொல்லு. எங்கள் சொல்லை அவன் சொல்வான்.

உன் அக்கா,
ஜொஹறா

ஆற்றுவாயடி, தண்ணீரூற்று
02.11.2003

அன்புள்ள ஜொஹறா அக்காவுக்கு,

பிள்ளைகளின் சங்கதி வாசித்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் வீட்டில் மகன் திலீபனுக்கு மாடும் வயலும். அவனைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை, சாப்பிடுகிறான், உழுகிறான்.

மேடை கட்டியாயிற்று. போன கிழமை இரண்டு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். உங்கள் பேரன் ஒலிபெருக்கியில் நன்றாகத்தான் பேசினார். ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கமிருந்து வருகிற ஆறு மருதடியில் இரண்டாகப் பிரிந்து களப்பில் விழுகிறதென்றும், இரண்டு கிளைக்கும் நடுவே ஆறு கொண்டுவந்த வண்டல்தான் இந்தத் தீவென்றும், உழும்போது கிளம்புகிற ஓட்டுத் துண்டுகள் மிகப் பழையவை என்றும் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் "தலைமுறை தலைமுறையாக அசையாமல் நிற்கிற தீவு" என்றார். அப்போது அவருக்குப் பின்னால் ஆறு கரையை அரித்துக்கொண்டிருந்தது. போன மாரியில் பனை நின்ற இடத்தில் இப்போது தோணி போகிறது. ஆறு வருடா வருடம் மண் போடுகிறபடியால்தானே அக்கா, நாங்களும் வருடா வருடம் புல் முடிகிற இடம் பார்த்துக் கல்லை மாற்றி வைக்கிறோம்?

வந்தவர்களைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஒருத்தர் சப்பாத்தோடு மருதடிப் பிள்ளையாருக்குப் பின்பக்கம் ஒதுங்கினார். ஒரு பெண் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஞ்ச என்ன மணக்குது?" என்று கேட்டா.

"சேறு மணக்குது பிள்ளை" என்றேன்.

"இதையெல்லாம் துப்புரவாக்க ஏலாதோ?"

ஆற்றுவாயில் சேற்றைத் துப்புரவாக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? சோற்றுப் பார்சல் தாள்களையும் சோடாப் போத்தல்களையும் எலும்புகளையும் கண்டல் மர வேருக்குள் எறிந்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் நாய்கள் வந்து கிண்டின.

மேடை முழங்கால் உயரம், சீமெந்து. என்னைக் கதிரையில் இருத்தி, மாலை போட்டு, கல் மூன்றையும் மேடைக்கு மேலே வைக்கச் சொன்னார்கள். நானும் வைத்தேன். விழா முடியக் கீழே இறக்குவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், கல்லைச் சீமெந்து வைத்துப் பூசி, மஞ்சளும் பச்சையும் பெயின்ற் அடித்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பலகை: "மரபுரிமைச் சின்னம். தொடாதீர்கள்." தொடாமல் அடுப்பு மூட்டுவது எப்படி அக்கா?

நீங்கள் ஒருக்கால் பேரனோடு கதையுங்கோ.

இப்படிக்கு,
இராசேஸ்வரி

வவுனியா
14.11.2003

இராசேஸ்வரிக்கு,

நோன்பு வாயோடு எழுதுகிறேன், ஆகவே ஏசமாட்டேன். உன் கடிதத்துக்கு ஏசாமல் பதில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நாய் கிண்டியதையும் எலும்பு கிடந்ததையும் இவ்வளவு வடிவாக எழுதத் தெரிந்த உனக்கு, என் பேரன் ஒலிபெருக்கியில் பேசியதற்கு ஒரு வரிதான் கிடைத்ததோ? பதின்மூன்று வருடத்துக்கு முன் முஸ்லிம்கள் என்று எங்களைத் துரத்தி, பாயும் இல்லாமல் நடக்கவிட்ட மண்ணிலே என் பேரன் ஒரு பலகை நட்டிருக்கிறான். அந்தப் பலகையில் நம் இரண்டு வீட்டு வழக்கம் இருக்கிறது. நீ பெயின்றைப் பார்த்து முகம் சுளிக்கிறாய். உன் திலீபனுக்கும் படிப்பு ஏறியிருந்தால் பெயின்ற் உனக்கு நாறியிராது.

கதிரையில் இருந்து மாலையைப் போட்டுக்கொண்டவளும் நீதான். பிறகு குற்றம் எழுதுகிறவளும் நீதான். ஒரு வாயில் இரண்டு ருசி.

வழக்கத்தை எனக்குச் சொல்லித்தராதே. என் மாமியும் உன் மாமியும் ஒரு வெற்றிலைத் தட்டத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு கல் வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். நோன்பு காலத்தில் வெட்டு வந்தால், எங்கள் ஆட்கள் துறக்கும்வரை உன் மாமி வெட்டுநாள் பொங்கல் பானையை இறக்காமல் காத்திருப்பா. அதெல்லாம் மரியாதை தெரிந்த காலம்.

ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். உன் மனிசன் கனகலிங்கம் இருந்த காலத்தில் ஒரு வருடம் என் வீட்டுச் சொல்லையும் கேட்டு வாங்கி, கல் நனையமுன் வெட்டுவித்தார். களப்பிலே வளர்ந்த இறால் முழுக்கக் கடலுக்குப் போனது. வலைக்காரர் வந்து நின்றது உன் வாசலில் இல்லை, என் வாசலில். மண்ணள்ளிப் போட்டார்கள். என் மனிசன் மீராசாகிபு அந்தப் பழியோடுதான் மண்ணுக்குள் போனார். கல் நனையாமல் இனி ஒருக்காலும் என் வீட்டிலிருந்து சொல் வராது.

மேடையைப் பற்றி றிஃபாத்திடம் கேட்டேன். "அதே இடம்தான்" என்கிறான். எனக்கு அது போதும்.

ஜொஹறா

ஆற்றுவாயடி
09.12.2003

அக்கா,

தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை. வவுனியா பஸ் கொண்டக்டரின் கையில் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கோபத்துக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

மழை விட்டபாடில்லை. ஆற்றின் இரண்டு கிளையும் களப்பும் சேர்ந்து ஒரே வெள்ளமாகக் கிடக்கின்றன. நாஸிம் தம்பியின் நெல்லுக்கு நுனி மட்டும்தான் தெரிகிறது. புல் முடிகிற இடம் தாண்டி எப்போதோ தண்ணீர் ஏறிவிட்டது. கல் கீழே இருந்திருந்தால் போன கிழமையே நனைந்திருக்கும். இப்போது மேடையின் அரைவாசிக்குத்தான் தண்ணீர் நிற்கிறது. மேலே கல் மஞ்சளும் பச்சையுமாகக் காய்ந்துபோய் இருக்கிறது.

முகத்துவாரத்துக்கு நானும் நாஸிமும் போனோம். வலைக்காரர் மண்மேட்டில் இருந்தார்கள். இறால் பருத்துக்கொண்டு வருகிற நேரம், வெட்ட அவர்களுக்கு மனமில்லை.

"அம்மா, கல்லு காய்ஞ்செல்லோ கிடக்குது. கல்லு நனையாமல் மம்பெட்டி வைக்கப்படாதெண்டு உங்கட மாமியவைதானே சொன்னவை?"

"தம்பி, அது நிலத்தில கிடந்த கல்லு."

"இப்பவும் அதே கல்லுத்தானே? பெயின்ற் மட்டும்தானே புதுசு?" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருத்தன் மட்டும், "ரெண்டு வீட்டாரும் சொன்னால் வெட்டுறம். ஒரு வீட்டுச் சொல்லுக்கு நாங்கள் எழும்பமாட்டம்" என்றான். என் வீட்டுச் சொல்லை அங்கேயே சொல்லிவிட்டேன். தொலைபேசிக் கடைக்குப் போய் றிஃபாத்தைப் பிடித்தோம். "ஆச்சி, வழக்கத்தை நாங்கள் மாத்தக்கூடாது. கல்லு நனையட்டும். புத்தகத்திலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு" என்றார். மேடை உயரம் என்று சொன்னேன். லைன் இரைந்தது. கேட்டாரோ தெரியாது.

நீங்கள் ஒரு சொல் எழுதிவிட்டால் போதும். "வெட்டுங்கோ" என்று மட்டும். இதே கொண்டக்டர் நாளைக்குத் திரும்புவார்.

இராசேஸ்வரி

வவுனியா
10.12.2003

இராசேஸ்வரிக்கு,

கல் காய்ந்து கிடக்கிறதென்று உன் கையாலேயே எழுதிவிட்டு, வெட்டச் சொல் என்று என்னைக் கேட்கிறாய்.

நாஸிமும் சொல்லி அனுப்பினான். அவன் சின்ன வயதிலிருந்தே வானம் கறுத்தால் அழுகிறவன். மாரி நெல் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்.

உன் கரைவயல் பள்ளம். அது எனக்குத் தெரியும். என் பிள்ளையின் பெயரைச் சொல்லி உன் நெல்லைக் காப்பாற்றப் பார்க்கிறாயோ? கேட்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

என் வீட்டுச் சொல் றிஃபாத்திடம் இருக்கிறது. அவன் சொன்னதுதான் சொல்.

ஜொஹறா

ஆற்றுவாயடி
27.12.2003

ஜொஹறா அக்காவுக்கு,

கல் நனைந்தது. அன்றைக்கே வலைக்காரர் வந்து வெட்டினார்கள். வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பொங்கல் மட்டும் நடக்கவில்லை. பானை வைக்கத் தீவில் ஒரு காய்ந்த இடம் இருக்கவில்லை.

தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் நாற்றம். நெல், அவித்துப் பிழிந்த கீரை மாதிரி நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. மிதித்தால் கால் உள்ளே போய், கறுப்பாக ஒரு சளி மேலே வருகிறது. எலிகள் ஊதிப்போய்க் கிடக்கின்றன. விழாவுக்கு வந்தவர்களின் சோற்றுப் பார்சல் தாளெல்லாம் கண்டலுக்குள்ளிருந்து கிளம்பிவந்து அந்த நெல்லுக்கு மேலே விரித்துவிட்டதுபோல் கிடக்கிறது. இரண்டு நாளாக எனக்கு வாயில் சோறு வைக்க முடியவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அந்த மணம் நகத்துக்குள் இருக்கிறது. நாங்கள் உழுது விதைத்த நிலம் என்று நினைக்க இன்னும் குமட்டுகிறது.

தீவின் தலைப்பக்கத்து மேட்டில் ஒரு துண்டு மட்டும் பச்சையாக நிற்கிறது. நாஸிம் அதைப் பார்க்கவும் போகவில்லை. திலீபன் கூப்பிட்டான். "பாத்து என்ன செய்ய மச்சான்? நாத்தத்துக்க நாலு கதிர்" என்று நாஸிம் சொல்லிவிட்டு, கொட்டிலுக்குள் போய் உடுப்பைப் பையில் அடுக்கினார். இண்டைக்கும் பை கட்டினபடிதான் இருக்கிறது. ஒட்டுசுட்டான் பாதை வெள்ளத்தில் அறுந்துபோனபடியால் பஸ் இல்லை. பாதை திறந்தால் போய்விடுவார்.

உங்கள் கேள்விக்குப் பதில். ஓம், என் வயல் பள்ளம்தான். அதுவும் போய்விட்டது. இனி நான் யாருடைய நெல்லைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று நீங்களும் யோசிக்கத் தேவையில்லை.

எனக்கு உங்கள்மேல் கோபமில்லை. கோபமென்றால் ஆறிவிடும். அந்தக் கேள்வியை நினைக்க, சேற்றுக்குள் செத்ததை மிதித்த மாதிரி இருக்கிறது. உங்கள்மேல் மட்டுமில்லை. மேடை முழங்கால் உயரம் என்று கண்ணால் கண்டும், மாலையின் பாரத்தில் வாய் திறக்காமல் கல்லைத் தூக்கி மேலே வைத்தவளை நினைக்கவும் அப்படித்தான்.

இராசேஸ்வரி

வவுனியா
08.01.2004

தங்கச்சி,

உன் கடிதம் வந்து நாலு நாள். பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

கடிதம் வந்த அன்றைக்கே றிஃபாத்தைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன்.

"கல்லு எவ்வளவு உசரத்தில இருக்குது?"

"முழங்காலளவு, உம்மம்மா. தூரத்தில இருந்தே தெரியவேணுமெண்டுதான்..."

"ஆருக்குத் தெரியவேணும்?"

"வாற ஆக்களுக்கு."

"வாற ஆக்களுக்குத் தெரிஞ்சுது. வாற தண்ணிக்குத் தெரியேல்லை. அடே, அது பாக்கிற கல்லில்லையடா, நனையிற கல்லு!"

அவன் முகம் வெளுத்துப்போனது. உண்மையாகவே அவனுக்கு அது விளங்கியிருக்கவில்லை. நான் வழக்கத்தைச் சொன்னபோது அவன் கதையாகக் கேட்டிருக்கிறான், அளவாகக் கேட்கவில்லை. அவனை என்ன சொல்ல? "அதே இடம்" என்றதும், எவ்வளவு உயரம் என்று நான் கேட்டேனா? நீ முழங்கால் உயரம் என்று எழுதியும் இருந்தாய். என் பேரனுக்கு ஒரு வரி, நாய்க்கு இரண்டு வரி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கானடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். இவ்வளவு நாளும் அந்தக் கான் நாற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு என் வாய்தான் நாறியது.

உன் வயலைப் பற்றி நான் எழுதின வரிக்கு மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் வரவில்லை. அந்த வரியை எழுதின கை இது. நீ இதை வைத்துக்கொண்டு என்ன நினைத்தாலும் சரி.

இனிச் செய்கிறதைச் சொல்கிறேன்.

நேற்றுச் சம்மந்தி வீட்டார் வந்து, "நாஸிமுக்குக் கடையில இடம் இருக்குது. இனியாவது அந்தச் சேத்தை மறக்கட்டும்" என்றார்கள். "இடத்தை வேறை ஆருக்கும் குடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாஸிமுக்கு இதோடு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். வாசித்துக் காட்டு: தலைப்பக்கத்தில் நிற்கிற அந்தத் துண்டு விதைநெல்லுக்குப் போதும். அதை வெட்டி, தூற்றி, காயவைத்துக் கட்டும்வரை பையை அவிழ்த்து வை. அதற்கு முன்னால் வவுனியாவுக்கு வந்தால் உம்மாவின் வாசலில் ஏறாதே. மாசி பிறக்க உன் பெண்சாதியை நான் அனுப்பிவைக்கிறேன். எனக்கு முழங்கால் இயலாது, அவளுக்கு இயலும்.

என் வீட்டுச் சொல்லை றிஃபாத்திடமிருந்து எடுத்துவிட்டேன். நாஸிமின் பெண்சாதி அங்கே வந்து ஆற்றையும் களப்பையும் ஒரு மாரி பார்த்துப் பழகும்வரை, இரண்டு வீட்டுச் சொல்லும் உன்னுடையதுதான். வலைக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. நனைந்தது என்று நீ சொன்னால் நனைந்தது.

பாதை திறந்துவிட்டதாம். றிஃபாத் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய ஒட்டுசுட்டான் பஸ்ஸில் வருகிறான். சுத்தியலும் உளியும் இங்கேயிருந்தே கொண்டுவருகிறான். நிறுவனத்தில் என்ன சொன்னார்களோ, லீவு எடுத்தானோ, வேலையை விட்டானோ, நான் கேட்கவில்லை. மேடையை அவன் கையாலேயே உடைக்க வேண்டும். திலீபனைத் தொடவிடாதே. சீமெந்தைக் கடலுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் போடாமல் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோகட்டும். கண்டலுக்குள் கிடக்கிற சோற்றுத் தாளையும் போத்தலையும் பொறுக்கட்டும். கல்லில் இருக்கிற பெயின்றைச் சுரண்டி, புல் முடிகிற இடம் எதுவென்று நீ காலால் காட்டுகிற இடத்தில் வைக்கட்டும். அதெல்லாம் முடியும்வரை அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காதே. முடிந்த பிறகு, உனக்கு மனம் வந்தால், கொடு. புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சேற்றில் நின்றுவிட்டு வந்து எழுதினால் வேறு மாதிரி எழுதுவானோ என்று ஒரு ஆசை. அதையும் நீதான் வாசித்துச் சரியென்று சொல்லவேண்டும்.

கடைசியாக ஒரு உதவி. அவன் பட்டம் வாங்கின படம் ஒன்று இங்கே சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். வந்தவர் போனவரையெல்லாம் அதற்கு முன்னால் நிறுத்திக் காட்டினேன். அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இப்போது ஆணி மட்டும் நிற்கிறது. அவன் மேடையை உடைக்கிற அன்றைக்கு முள்ளியவளை ஸ்ரூடியோக்காரரைக் கூப்பிட்டுப் புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் போட்டுவிடு. சிரிக்காவிட்டால் பரவாயில்லை. முழங்காலுக்குக் கீழே சேறு வடிவாகத் தெரியவேண்டும்.

உன் அக்கா,
ஜொஹறா